நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறிஞர்: கொரிய ஓவியர் காங் ஹி-ஆன், ஓர் எளிய அறிமுகம்

சியோலில் உள்ள கொரியத் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. உயரம் 23.4 சென்டிமீட்டர், அகலம் 15.7 சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் பக்கத்தின் அளவுதான். வண்ணம் கிடையாது, தாளில் கருமை மட்டும். ஒரு மனிதர் பாறையின்மேல் கவிழ்ந்தாற்போல் சாய்ந்திருக்கிறார். இரண்டு கைகளையும் மடக்கி அவற்றின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு கீழே ஓடும் நீரைப் பார்க்கிறார். பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். மேலிருந்து கொடிகள் தொங்குகின்றன. வேறு ஆள் இல்லை, வீடு இல்லை, தூரத்து மலைத்தொடர்கூட இல்லை.

கொரியர்கள் இதை ‘கோசா-குவான்சு-தோ’ என்பார்கள். உலகப் பரபரப்பிலிருந்து விலகிய உயர்ந்த அறிஞர் ஒருவர் நீரைப் பார்க்கும் படம் என்று பொருள். கொரியாவின் பள்ளிப் பாடப் புத்தகங்கள் வரை போய்ச் சேர்ந்த ஓவியம் இது. வரைந்தவர் காங் ஹி-ஆன், 15-ஆம் நூற்றாண்டுக்காரர். கொரிய ஓவிய வரலாற்றில் ‘அறிஞர்-ஓவியர்’ என்ற வகையைப் புரிந்துகொள்ள நான் யாருக்கும் முதலில் காட்ட விரும்புவது இவரைத்தான். இவரைவிடப் பெரிய ஓவியர்கள் உண்டு. ஆனால் ஒரு மனிதனின் கையில் இருக்கும் தூரிகை எத்தனை வேலைகளைச் செய்ய முடியும், அந்த வேலைகள் அவனை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தும் என்பது இவர் வாழ்க்கையில் தெரிவதுபோல் வேறு யார் வாழ்க்கையிலும் தெரிவதில்லை.

அறிஞர்-ஓவியர் என்றால் யார்?

கொரியாவில் ஜோசன் அரசு 1392-இல் தொடங்கியது. கன்ஃபூசியஸ் சிந்தனையே அதன் ஆட்சிக்கு அடிப்படை. அரசுப் பதவிக்கு வர வேண்டுமென்றால் செவ்விலக்கியங்களைப் படித்துக் கடினமான தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறியவர்கள்தான் அமைச்சர்கள், ஆளுநர்கள், வரலாறு எழுதுபவர்கள், தூதர்கள். இவர்களுடைய அன்றாடக் கருவி தூரிகை, மை, தாள். அரசாணை எழுதுவது, நண்பருக்குக் கவிதை எழுதுவது, இறந்தவருக்கு இரங்கல் எழுதுவது எல்லாமே அந்தத் தூரிகையால்தான். அதே தூரிகையால் ஒரு மூங்கிலோ மலையோ வரைந்தால் அது ஓவியம். எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே பெரிய சுவர் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கம் அரண்மனையில் ஓவியக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தொழில்முறை ஓவியர்கள். அரசர்களின் உருவப்படம், சடங்குகளின் பதிவு, வரைபடம், அலங்காரத் திரை என்று சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்துத் தருவார்கள். திறமை அபாரம், சமூக மதிப்பு குறைவு. எத்தனை வல்லவரானாலும் ஒரு குறிப்பிட்ட படிநிலைக்கு மேல் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. ஆன் கியோன் என்ற மாபெரும் ஓவியருக்கு அந்த வரம்பைத் தாண்டிப் பதவி கொடுத்தது பெரிய விதிவிலக்காகப் பேசப்பட்டது.

அறிஞர் காசுக்காக வரைவதில்லை, யாரும் கட்டளையிட்டு வரைவதுமில்லை. மனதில் தோன்றியதை ஓய்வு நேரத்தில் வரைந்து நண்பருக்குக் கொடுப்பார். இந்த எண்ணத்துக்குச் சீனத்தில் வேர் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சூ ஷி, ஓவியம் அசலைப்போல இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது சிறுபிள்ளைப் பார்வை என்றார். வரைந்தவரின் உள்ளம் தெரிகிறதா என்பதே அவருக்கு முக்கியம். ஜோசனுக்கு முந்தைய கோர்யோ அரசின் காலத்திலேயே இந்தக் கருத்து கொரியாவுக்கு வந்துவிட்டது. யி ஜே-ஹியோன் (1287–1367) அப்போது சீனாவை ஆண்ட யுவான் அரசின் தலைநகரில் பல ஆண்டுகள் தங்கி, ஜாவ் மெங்ஃபூ போன்ற சீன அறிஞர்-ஓவியர்களுடன் பழகியவர். உறைந்த ஆற்றைக் குதிரையில் கடக்கும் மனிதர்களை அவர் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. காங் ஹி-ஆன் வந்தது அந்த வரிசையில்தான்.

இவரை அக்காலத்தவர் ‘மூன்றிலும் தேர்ந்தவர்’ என்று அழைத்தார்கள். கவிதை, கையெழுத்துக் கலை, ஓவியம் ஆகியவையே அந்த மூன்று. ஒன்றில் சிறந்தவர்கள் பலர் இருந்தார்கள். மூன்றிலும் ஒரே உயரத்தில் நிற்பது அபூர்வம்.

அரசரின் உறவினர்

காங் ஹி-ஆனின் பிறப்பு 1417 வாக்கில், மறைவு 1464 வாக்கில். ஜின்ஜூவைப் பூர்வீகமாகக் கொண்ட காங் குடும்பம். தந்தை காங் சோக்-தோக் கற்றவர், எழுத்தில் வல்லவர். தாயின் சகோதரிதான் அரசி சோஹோன், அதாவது மாமன்னர் செஜோங்கின் மனைவி. கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு செஜோங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தை உருவாக்கியவர் அவர். நம் ஓவியருக்கு அவர் பெரியப்பா முறை, அவர் பிள்ளைகள் எல்லாம் உடன்பிறந்தார் முறை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரண்மனை உறவு என்ன செய்யும் என்பதை அந்தக் குடும்பம் முன்பே பார்த்துவிட்டது. தாய்வழித் தாத்தா சிம் ஓன், செஜோங் அரியணை ஏறிய சமயத்தில் உச்சத்தில் இருந்தவர். புதிய அரசரின் மாமனார், தலைமை அமைச்சர். சீனாவுக்குத் தூது போன அவரை வழியனுப்பத் திரண்ட கூட்டம் செஜோங்கின் தந்தையும் பழைய அரசருமான தேஜோங்கின் கண்ணை உறுத்தியது. பதவி விலகிய பிறகும் படையைத் தன் கையில் வைத்திருந்தவர் அவர். மருமகன் அரசராக இருக்கும்போதே மாமனார்மேல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. 1418-இன் குளிர்காலத்தில், தூது முடிந்து திரும்பிய சிம் ஓனுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது. பாட்டி அரசு அடிமைகள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துத்தான் விடுவிக்கப்பட்டார். அரசியாக வீற்றிருந்த மகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காங் ஹி-ஆன் அப்போது சின்னஞ்சிறு குழந்தை. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்.

1441-இல் அரசுத் தேர்வில் தேறிப் பதவிக்கு வந்தார். அதன்பின் அவர் பெயர் ஒரு முக்கியமான பட்டியலில் வருகிறது.

எட்டுப் பெயர்கள்

1443-இன் இறுதியில் செஜோங் 28 எழுத்துகள் கொண்ட புதிய எழுத்துமுறையை முடித்தார். 1446-இல் அது முறையாக வெளியானது. ஒவ்வொரு எழுத்தும் ஏன் அந்த வடிவில் இருக்கிறது, ஒலிக்கும்போது நாக்கும் தொண்டையும் எப்படி இருக்கின்றன, எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று விளக்கும் நூல் ஒன்றும் உடன் எழுதப்பட்டது. அதன் இறுதியில் விளக்கம் எழுதிய அறிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன: ஜோங் இன்-ஜி, சே ஹாங், பாக் பெங்-னியோன், ஷின் சுக்-ஜு, சோங் சாம்-முன், காங் ஹி-ஆன், யி கே, யி சோன்-ரோ. மொத்தம் எட்டுப் பேர்.

அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த எட்டுப் பேருக்கு என்ன ஆனது என்று பாருங்கள். காங் ஹி-ஆனின் ஓவியத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செஜோங் 1450-இல் மறைந்தார். மூத்த மகன் முன்ஜோங் இரண்டே ஆண்டுகளில் இறந்தார். பேரன் தன்ஜோங் சிறுவனாக அரியணை ஏறினான். செஜோங்கின் மற்ற மகன்களில் இருவர் இங்கே முக்கியம். ஒருவர் ஆன்பியோங், கலை ரசிகர். அவர் சேர்த்த ஓவியங்களுக்கு ஷின் சுக்-ஜு 1445-இல் எழுதிய குறிப்பில் 222 படைப்புகள் வருகின்றன. இன்னொருவர் சூயாங். 1453-இல் சூயாங் ஆட்சியைக் கைப்பற்றினார். சிறுவனின் பாதுகாவலராக இருந்த அமைச்சர்கள் வெட்டப்பட்டார்கள். தம்பி ஆன்பியோங் கங்ஹ்வா தீவுக்கு அனுப்பப்பட்டு நஞ்சு கொடுக்கப்பட்டார். ஆன்பியோங்குக்கு நெருக்கமாக இருந்த யி சோன்-ரோவும் அப்போதே கொல்லப்பட்டார். எட்டில் ஒருவர் போய்விட்டார்.

1455-இல் சூயாங் தாமே அரசரானார். வரலாறு அவரை செஜோ என்று அழைக்கிறது. மறு ஆண்டு, பதவி இழந்த தன்ஜோங்கை மீண்டும் அரியணையில் ஏற்ற ஒரு திட்டம் தீட்டப்பட்டது. அது முன்கூட்டியே வெளியாகிவிட்டது. சோங் சாம்-முன், பாக் பெங்-னியோன், யி கே மூவரும் அதில் இருந்தார்கள். பாக் பெங்-னியோன் சிறையிலேயே இறந்தார், மற்ற இருவரும் கொலைக்களத்தில். இன்றும் கொரியாவில் ‘உயிர் கொடுத்த ஆறு அமைச்சர்கள்’ என்று போற்றப்படுபவர்களில் இவர்கள் மூவர்.

ஜோங் இன்-ஜி, சே ஹாங், ஷின் சுக்-ஜு மூவரும் புதிய அரசர் பக்கம் நின்றார்கள். மூவருமே பின்னாளில் தலைமை அமைச்சர் பதவிவரை உயர்ந்தார்கள்.

நான்கு பேர் பிணம், மூன்று பேர் உச்சம். மிச்சம் இருந்த ஒருவர் காங் ஹி-ஆன்.

1456 வழக்கில் இவர் பெயரும் அடிபட்டது. விசாரணைக்கு இழுக்கப்பட்டார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சித்திரவதைக்கு நடுவே இருந்த சோங் சாம்-முன்னிடம் செஜோ, காங் ஹி-ஆனுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது, முந்தைய அரசரின் அறிஞர்களையெல்லாம் கொன்று தீர்த்தாயிற்று, இந்த ஒருவரையாவது விட்டுவைத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நல்ல மனிதர் என்று சோங் சாம்-முன் பதில் சொன்னாராம். அடுத்த தலைமுறை எழுத்தாளர் நாம் ஹியோ-ஓன் பதிவு செய்த நிகழ்ச்சி இது. சாகப்போகிற ஒருவரின் சொல் இன்னொருவரைக் காப்பாற்றியது. கேட்ட அரசர், காங் ஹி-ஆனுக்குத் தாய்வழிச் சகோதரன்.

உருக்கி வார்த்த எழுத்து

இந்தக் கொடிய ஆண்டுகளுக்கு நடுவே இவர் கையெழுத்து ஒரு விசித்திரமான இடத்துக்குப் போனது. கொரியா உலோக அச்செழுத்துக்குப் பேர்போன நாடு. அக்காலத்தில் ஒருவரின் அழகான கையெழுத்தை மாதிரியாக வைத்து வெண்கல எழுத்துகளை வார்ப்பார்கள். 1450-இல் ஆன்பியோங்கின் கையெழுத்தில் ஒரு தொகுதி வார்க்கப்பட்டது. அவர் கொல்லப்பட்டபின், 1455-இல் அந்த எழுத்துகளை உருக்கிப் புதிய தொகுதி வார்த்தார்கள். அதற்கு மாதிரி எழுதித் தந்தவர் காங் ஹி-ஆன்.

உறவினர், கலைத்தோழர், கொலையுண்டவர். அவருடைய எழுத்து உருகிய அதே உலோகத்தில் இவருடைய எழுத்து. மறுக்கக்கூடிய வேலை அல்ல அது. அவர் என்ன நினைத்தார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ‘உல்ஹேஜா’ என்று பெயர்பெற்ற அந்த எழுத்துத் தொகுதி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டது. 1461-இல் ஒரு பௌத்த சூத்திரத்தைக் கொரிய விளக்கத்தோடு அச்சிட அதனுடன் ஹங்குல் எழுத்துகளும் வார்க்கப்பட்டன. 2021-இல் சியோலின் இன்சாதோங் பகுதியில் மண்பானையில் புதைந்து கிடந்த சுமார் 1,600 உலோக எழுத்துகள் கிடைத்தபோது, அவற்றில் உல்ஹேஜா எழுத்துகளும் இருந்தன. உல்ஹேஜாவின் சீன எழுத்து ஒவ்வொன்றின் வளைவும் காங் ஹி-ஆன் மணிக்கட்டின் அசைவிலிருந்து வந்தது.

பூச்செடி வளர்த்த அதிகாரி

1449-இல் இவருக்கு அதிக வேலையில்லாத ஒரு பதவி கிடைத்தது. அரச உறவினர்களுக்கான அலுவலகம் அது. அரசவைக்குப் போவது, பெற்றோரைப் பார்த்து நலம் விசாரிப்பது, மிச்ச நேரமெல்லாம் செடி வளர்ப்பது என்று தம் நாட்களைப் பற்றி அவரே எழுதுகிறார். அந்த அனுபவத்தில் பிறந்த நூல் ‘யாங்ஹ்வா-சோரோக்’, பூ வளர்ப்பு பற்றிய சிறுகுறிப்புகள். கொரியாவில் கிடைக்கும் மிகப் பழைய தோட்டக்கலை நூலாக இதைச் சொல்கிறார்கள்.

பைன், மூங்கில், சாமந்தி, பிளம், ஆர்க்கிட், தாமரை, மாதுளை, மாதந்தோறும் பூக்கும் ரோஜா, கமேலியா, கமலா ஆரஞ்சு, வசம்பு வகைச் செடி, கடைசியில் வினோத வடிவக் கற்கள்கூட. ஒவ்வொன்றுக்கும் பழைய சீன நூல்கள் என்ன சொல்கின்றன என்பதை முதலில் தருகிறார். அப்புறம் தாம் கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பகுதிதான். பிளம் மரத்தை ஒட்டுக்கட்டும் முறையைப் பாருங்கள். தொட்டியில் ஒரு சின்னப் பீச் கன்றை வளர்த்து, அந்தத் தொட்டியைப் பிளம் மரத்தில் தொங்கவிட வேண்டும். இரண்டு கிளைகளின் பட்டையையும் சீவி, சீவிய இடங்களைச் சேர்த்து இறுகக் கட்ட வேண்டும். இரண்டின் சாறும் கலந்து ஒட்டிய பிறகு தாய்மரத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். மாமரத்தில் நெருக்கு ஒட்டுக் கட்டியவர்கள் படித்தவுடன் புரிந்துகொள்வார்கள். புத்தகத்தில் மட்டும் படித்த ஆள் இப்படி எழுத முடியாது.

அதே பிளம் பகுதியில் குடும்பக் கதை ஒன்றும் வருகிறது. தந்தைவழித் தாத்தா காங் ஹே-பேக் இளவயதில் தான்சோக்சா மடத்தில் தங்கிப் படித்தபோது ஒரு பிளம் கன்றை நட்டார். பின்னாளில் அவர் உயர் பதவிக்கு வந்ததும், துறவிகள் அந்தப் பதவியின் பெயரையே மரத்துக்கு வைத்துக் காத்து வந்தார்கள். தெற்குக் கொரியாவின் சான்சோங்கில், மடம் அழிந்துபோன இடத்தில், ‘ஜோங்தாங்மே’ என்ற அதே பெயரில் இன்றும் ஒரு பிளம் மரம் இருக்கிறது. ஒரு தாத்தா நஞ்சுக்குப் போனார், இன்னொரு தாத்தா மரமாக நின்றார்.

1441-இல் ஜப்பானிலிருந்து செஜோங்குக்குச் சில தொட்டி அசேலியா செடிகள் வந்ததையும், அவற்றின் பூ மாதுளம்பூ நிறத்தில் இருந்ததையும் எழுதியிருக்கிறார். எத்தனையோ அரசியல் கொந்தளிப்பைக் கண்ணால் பார்த்தவர். அவர் நுணுக்கமாகப் பதிவுசெய்து விட்டுப்போனது பூவின் நிறம்.

செடிக்கு அறிவில்லை, அசைவில்லை, ஆனாலும் அதன் இயல்பு தெரியாமல் வருத்தினால் வாடிச் சாகும். அப்படியிருக்க மனிதன் தன் மனத்தை வதைத்து, உடலை வருத்தி, தன் இயல்புக்கு எதிராக வாழலாமா என்று அந்த நூலில் ஓரிடத்தில் கேட்கிறார். தோட்டக் குறிப்புகளுக்கு நடுவே வரும் இந்தக் கேள்வி சாதாரணமாகப் படிக்கிறவரைக்கூட நிறுத்திவிடும். அவர் காலத்தை அறிந்து படித்தால் அது தோட்டம் பற்றிய கேள்வியாக மட்டும் தோன்றாது.

இந்த நூல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் தம்பி காங் ஹி-மேங். அவரும் பெரிய அறிஞர், வேளாண்மை பற்றி எழுதியவர். 1470-களில் தாத்தா, தந்தை, அண்ணன் மூவரின் எழுத்துகளையும் குடும்பத் தொகுப்பாகக் கொண்டுவந்தபோது அண்ணனின் பூ நூலையும் அதில் சேர்த்தார்.

ஓவியத்துக்குத் திரும்புவோம்

இவர் தம் படங்களைக் காட்டிக்கொள்ள விரும்பியவர் அல்ல. இளையவர்கள் கேட்டால்கூட, எழுத்தும் ஓவியமும் தாழ்ந்த திறமை, பிற்காலத்துக்குப் போனால் பெயருக்கு இழுக்குத்தான் என்று மறுத்துவிடுவாராம். அறிஞர்-ஓவியர் என்ற நிலையில் இருந்த முரண் இங்கே அப்படியே தெரிகிறது. வரையத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஓவியர் என்று பெயர் வந்துவிடக் கூடாது. ஓவியக்கூடத்துத் தொழிலாளியோடு சேர்த்துப் பேசப்படுவது அவர்கள் வர்க்கத்துக்கு அவமானம். இந்த வர்க்க அகந்தையை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதனால் நாம் இழந்த படங்கள் ஏராளம். அவருக்கு அடுத்த தலைமுறை அறிஞர் சோங் ஹியோன், இவருடைய அழகிய பெண் ஓவியத்தையும் நிலக்காட்சிச் சுருள்களையும் அரிய செல்வங்கள் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார். அவை எதுவும் இன்று இல்லை. இவர் பெயரில் மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னப் படங்களே.

சரி, ‘கோசா-குவான்சு-தோ’வை எப்படிப் பார்ப்பது? அதே காலத்து இன்னொரு ஓவியத்தை அருகில் வைத்துப் பார்த்தால் எளிது. ஆன் கியோன் 1447-இல் வரைந்த ‘கனவில் கண்ட பீச் மலர்த் தோட்டம்’ இப்போது ஜப்பானின் தென்ரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆன்பியோங் கண்ட கனவை அவர் சொல்லக் கேட்டு மூன்றே நாளில் ஆன் கியோன் வரைந்தது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் பட்டுத்துணி, வினோதமான மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வலப்பக்கத்தில் பூத்த தோட்டம். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. ஷின் சுக்-ஜு, சோங் சாம்-முன், பாக் பெங்-னியோன் முதல் காங் ஹி-ஆனின் தந்தைவரை அதைப் புகழ்ந்து தங்கள் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பின்னாளில் கொன்றவர் பக்கம் நின்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே சுருளில் அடுத்தடுத்து.

காங் ஹி-ஆனின் படம் இதற்கு நேர்மாறு. மலைத்தொடரை ஒதுக்கிவிட்டு மனிதரைக் கிட்டத்தில் கொண்டுவருகிறது. முகத்தைப் பாருங்கள்: சில கோடுகள், சின்னப் புள்ளிகளாகக் கண். அவ்வளவில் ஒரு நிறைவான, சற்றே புன்னகைக்கிற முகம் வந்துவிடுகிறது. அங்கியின் மடிப்புகள் தடித்த கோடுகள், ஓரிரு வீச்சில் இழுத்தவை. இந்தக் கோடுகளைக் கையெழுத்தைப் படிப்பதுபோல் படிக்க வேண்டும். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது, எங்கே மை வற்றியது என்று கண்ணால் தொடர்ந்து போனால் அந்த வேகம் நம் கையிலேயே தெரியும். பாறைச் சுவருக்கு அகலமான, ஈரமான மை. பக்கத்தில் தாளை வெறுமனே விட்டிருக்கிறார். அந்த வெறுமைதான் நீர். நீருக்கு என்று அவர் செலவழித்த மை மிகக் குறைவு, ஆனாலும் மனிதரின் பார்வை போகும் திசையில் நம் பார்வையும் போய் அங்கே தங்குகிறது.

நீரைப் பார்ப்பது கன்ஃபூசிய மரபில் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அறிவுள்ளவர் நீரில் மகிழ்வார் என்று கன்ஃபூசியஸ் சொன்னதை அந்தக் காலத்துப் படித்தவர் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். ஆனால் மற்ற பல ஓவியங்களில் அறிஞர் நேராக உட்கார்ந்து, கம்பீரமாக அருவியைப் பார்ப்பார், பக்கத்தில் ஒரு பணியாள் சிறுவன் நிற்பான். இங்கே இவர் வயிற்றைப் பாறையில் வைத்து, கையை மடக்கி, குழந்தைபோல் கிடக்கிறார். பதவிக்குரிய தொப்பியும் இல்லை, அரசவை ஒழுங்கும் இல்லை. உடம்பின் எடை முழுவதையும் பாறை தாங்குகிறது. இந்த உடல்மொழிதான் இந்தப் படத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சியாளர்களிடையே இதைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. பெரிய உருவம், அடர்ந்த மை, வேகமான வீச்சு எல்லாம் சீனாவின் ஜெஜியாங் பகுதி ஓவியர்கள் வளர்த்த பாணி. கொரியாவில் அது பரவலானது 16-ஆம் நூற்றாண்டில். 1464 வாக்கில் இறந்தவர் இப்படி வரைந்திருக்க முடியுமா, இது பிற்காலத்தவர் கையா என்று சிலர் கேட்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் சீனாவில் அச்சான ஓவியப் பயிற்சி நூலில் உள்ள ஓர் உருவம் இதைப்போலவே இருப்பதையும் சுட்டுகிறார்கள். மறுபக்கத்தில் இருப்பவர்கள், 1462-இல் காங் ஹி-ஆன் துணைத்தூதராகச் சீனாவுக்கே போய்வந்தவர், அரச குடும்பத்தோடு நெருங்கிப் பழகியவர், புதிய சீனப் பாணியைக் காண அவரைவிட வாய்ப்பு யாருக்கு இருந்திருக்கும் என்கிறார்கள். படத்தில் ‘இன்ஜே’ என்ற முத்திரை இருக்கிறது, அது அவருடைய புனைபெயர். முத்திரை மட்டும் எதையும் முடிவாக நிரூபித்துவிடாது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட முத்திரைகள் கிழக்காசிய ஓவியத்தில் சாதாரணம். அருங்காட்சியகம் இதை அவர் படைப்பாகவே வைத்திருக்கிறது. நான் இந்தப் படத்தை அவருடையதாகவே பார்க்கிறேன். தன் இயல்புக்கு எதிராக மனிதன் வாழலாமா என்று கேட்டவர் வரையக்கூடிய மனிதர் இவர் என்பது ஆதாரம் ஆகாதுதான், ஆனாலும் அந்த நூலையும் இந்தப் படத்தையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கு மேல் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்ததாக யி கியோங்-யுன் பெயரைத் தேடலாம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த இன்னொரு அறிஞர்-ஓவியர், அரச குலத்தவர். இவர் பெயரில் உள்ள ஒரு படத்தில் ஓர் அறிஞர் மரத்தடியில் அங்கியைத் தளர்த்திக்கொண்டு ஓடையில் கால் நனைக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுவன் கெண்டியோடு நிற்கிறான். அப்புறம் யுன் தூ-சோ (1668–1715) வரைந்த தன்னுருவப் படம். கட்சிச் சண்டைகளால் பதவியைத் தேடாமல் ஒதுங்கியவர், தாடியின் ஒவ்வொரு மயிரையும் வரைந்து, பார்ப்பவரை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் நீரைப் பார்த்த கண் இரண்டரை நூற்றாண்டில் கண்ணாடி பக்கம் திரும்பியதை இந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.